ஈறில் ரத்தம் வரவில்லையா? அதுதான் பயம்!



நேற்று மரக்காணம் டீக்கடையில் ஒரு பழைய மாணவனைப் பார்த்தேன். உப்பளத்தில் வேலை. நாற்பது வயதுகூட ஆகவில்லை, முன்பல் இரண்டு ஆடுகிறது. "தினமும் நம்ம ஊர் உப்பு வெச்சுத்தான் தேய்க்கிறேன் சார். ஈறுல ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல" என்கிறான், கையில் பீடியோடு. (பொது இடத்தில் புகைக்க 2008 முதல் தடை. அதை யார் கேட்கிறார்கள்!)

ரத்தம் வராததுதானப்பா ஆபத்தே! நிக்கோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நோய் இருந்தாலும் ஈறு அவ்வளவாகச் சிவக்காது, கசியாது. உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு மட்டும் சத்தமில்லாமல் கரையும். உப்புத் தேய்த்தால் கறை கொஞ்சம் மங்கலாம், போன எலும்பு திரும்பி வராது. பீடி சின்னதுதானே என்று வாதாடாதீர்கள். அணையாமல் இருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டும்.

"நீங்களும் ஊதினீங்களே சார்" என்றான். உண்மைதான். இடைவேளையில் இதே கடையில் நான் நின்றதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இன்று என் வாயில் இருப்பது பல்செட். முறுக்கு கடித்துப் பல வருடம் ஆகிறது.

புதுச்சேரி கோரிமேட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். வரவில்லையென்றால் உப்பளத்துக்கே போய் இழுத்து வருவேன்.