கண்ணாடி இல்லாத 3டி... கஷ்டம் யாருக்கு?

விழுப்புரம் - செஞ்சி சாலையை ஒட்டிய மண்டகப்பட்டில் ஒரு குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இதை அமைத்ததாகக் கல்வெட்டில் பதித்திருக்கிறார், 7-ம் நூற்றாண்டின் பல்லவ மன்னர் மகேந்திரவர்மன்.

'இல்லாமலே செய்தேன்' என்ற அந்தப் பெருமிதம் இன்று இன்னொரு இடத்திலும் கேட்கிறது. கண்ணாடி மாட்டாமல் பார்க்கும் 3டி திரை!

அந்தக் கோயில் முகப்பின் இரு பக்கமும் நிற்கும் துவாரபாலகர்களைப் பாருங்கள். இடது கண்ணுக்குத் தெரியும் உருவமும் வலது கண்ணுக்குத் தெரிவதும் லேசாக வேறுபடும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை ஆழத்தை உணர்கிறது.

1984-ல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' காலத்திலிருந்து தியேட்டர்களில் நடப்பதும் இதுதான். திரையில் இரண்டு படங்கள். கண்ணுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பது கண்ணாடி. ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டிருக்கும் தாத்தா, பாட்டிக்கு அதன்மேல் இன்னொன்று!

கண்ணாடி வேண்டாமென்றால், பிரிக்கும் வேலையைத் திரையே செய்ய வேண்டும். திருவிழாக் கடைகளில் விற்கும், சாய்த்தால் முருகர் பிள்ளையாராக மாறும் வரிவரியான பிளாஸ்டிக் படம் ஞாபகம் இருக்கிறதா? அதே உத்திதான். திரைமேல் உள்ள நுண்ணிய லென்ஸ் வரிகள், பிக்ஸல்களை வெவ்வேறு திசைகளுக்கு அனுப்புகின்றன.

இங்கேதான் கிராபிக்ஸ் கலைஞருக்கு வேலை கூடுகிறது. 8 கோணம் காட்டும் திரை என்றால், கணினிக்குள் 8 கேமராக்களை வரிசையாக வைத்து, ஒரே காட்சியை 8 முறை ரெண்டர் செய்து, அத்தனையையும் ஒரே படமாகப் பின்ன வேண்டும். 4கே திரையின் சுமார் 83 லட்சம் பிக்ஸல்களை 8 பங்காக்கினால், ஒரு கோணத்துக்கு மிஞ்சுவது சுமார் 10 லட்சம்தான். ஆழத்தை அதிகம் இழுத்தாலோ, உருவம் இரட்டையாகக் கலங்கும். அதனால் முகம் போன்ற முக்கியமான பகுதிகளைத் திரையை ஒட்டியே நிறுத்துவார்கள்.

பாறையில் கிடைத்த கொஞ்ச ஆழத்துக்குள் முழு உடம்பின் திரட்சியைக் காட்டிய பல்லவச் சிற்பிக்கும் இதே கணக்குதான்.

அடுத்த முறை இப்படியொரு திரையைப் பார்த்தால், தலையை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். மறைந்திருந்த பக்கம் எட்டிப்பார்க்கும். உங்கள் மூக்கிலிருந்து இறங்கிய சுமையை, வேறு யாரோ தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்!