குடலுக்கு வைத்தியம் சொல்லும் உறவுகளுக்கு

நீளமான பதிவு, கொஞ்சம் காரமும் கூட. ஒரு பீரியட் முழுக்க என் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிய பாடில்லை.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. மாதுளைத் தோலை மோரில் கலக்கி 48 நாள் குடித்தால் குடல் புண் அடியோடு போய்விடுமாம். ஆஸ்பத்திரி மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமாம். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். கும்பிட்டவர்களில் ஒருவருக்கும் அந்த நோய் கிடையாது. எனக்கு உண்டு, பதினோரு வருஷமாக. ஆகவே நான் பேசுகிறேன்.

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்தோல் வீங்கிப் புண்ணாகி, சீதமும் ரத்தமுமாகப் போகும். இதன் உடன்பிறப்பு கிரோன் நோய். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். நியூயார்க்கில் கிரோன் என்ற மருத்துவரும் இரண்டு சக மருத்துவர்களும் 1932-இல் அதை எழுதியதால் அந்தப் பெயர். இரண்டையும் சேர்த்து ஐ.பி.டி. என்கிறார்கள். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல்படை சொந்தக் குடலையே அடிக்கிறது. காலையில் சாப்பிடாததால் வந்த அல்சர் அல்ல, காரம் தின்றதால் வந்ததும் அல்ல. நம்மூரில் ரத்தம் போனால் மூலம், வயிறு கலங்கினால் சூடு. இந்த இரண்டு பதிலில் எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். எனக்கும் முதல் ஒன்றரை வருஷம் மூலத்துக்குத்தான் வைத்தியம் நடந்தது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோய் பார்ப்பதற்குக் கிரோன் மாதிரியே இருக்கும். கிரோனுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு காசநோயை ஏற்றிவிடும். குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகும் டாக்டர்களே சில சமயம் யோசிப்பார்கள். அதைத்தான் நம் ஆட்கள் பந்தியில் இலை போடும் நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எங்கோ ஒருவருக்கு வரும் நோய் என்றும் சொல்லாதீர்கள். பஞ்சாபில் நடத்திய ஆய்வு ஒன்று 2003-இல் வெளிவந்தது. லட்சத்துக்குச் சுமார் 44 பேருக்கு இந்தக் கொலைட்டிஸ். பஞ்சாப் வேறு, நாஞ்சில் நாடு வேறு, தெரியும். ஆனாலும் வாத்தியார் கை சும்மா இருக்குமா? 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். அதே விகிதம் போட்டால் எண்ணூறுக்கு மேல் வருகிறது. அதில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? வெளிக்குப் போகிற விஷயத்தை யார் வெளியே சொல்வார்கள்!

இனி சாப்பாடு. சண்டையே அங்கேதான். உறவில் இரண்டு கட்சி. ஒன்று பத்தியக் கட்சி. மீன் கூடாது, பால் கூடாது, புளி கூடாது, கடைசியில் கஞ்சித் தண்ணீர்தான் மிஞ்சும். ரத்தமும் எடையும் குறைந்து கிடக்கும் ஆளைப் பட்டினி போடுவது இவர்கள் வைத்தியம். மற்றது பந்திக் கட்சி. "ஒரு நாள்தானே சாரே, ஒண்ணும் ஆவாது" என்று இலையை மூடவிடாமல் அடைப்பிரதமனை விளம்புவார்கள். கையை நீட்டித் தடுத்தால் கல்யாண வீட்டாருக்கு மரியாதைக் குறைவு.

இந்தக் குடலுக்குச் சீறும் காலம் உண்டு, அடங்கியிருக்கும் காலம் உண்டு. சீறும்போது எனக்குக் குழைய வைத்த பச்சரிசிக் கஞ்சி, அவித்த ஏத்தம்பழம், முட்டை, புளியும் காரமும் குறைத்து வைத்த மீன். கீரை, பயறு, சக்கைப்பழம் எல்லாம் தள்ளி. அடங்கிய பிறகு அவியல் உண்டு, தீயல் உண்டு, சாளைப் புளிமுளமும் மரச்சீனிக் கிழங்கும் உண்டு. பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. இதே நோய் உள்ள இன்னொருவர் தினமும் இரண்டு டம்ளர் குடிக்கிறார். எனக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை இரண்டு வருஷம் நோட்டில் எழுதிக் கண்டுபிடித்தேன். அது என் வயிற்றின் கணக்கு, காப்பியடித்தால் உங்களுக்கு மார்க் வராது. கிரோன் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் சத்துத் திரவம் ஒன்றையே கொடுத்து நோயை அடக்கும் முறை உண்டு. அதையும் டாக்டரும் உணவு நிபுணரும் அளந்துதான் கொடுக்கிறார்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கும் இதே நோய். மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தாள். "ஆயுசுக்கும் மாத்திரை தின்னா பிள்ளை எப்படி நிக்கும்" என்று புகுந்த வீட்டில் ஒரு பேச்சு. யாரோ ஒரு சித்தப்பா வீடியோ அனுப்பினார். மாத்திரை நின்றது. நாலே மாதத்தில் ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கி, ரத்தம் ஏற்றிப் படுத்திருந்தாள். சித்தப்பா ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். உண்மை இவர்கள் சொன்னதற்கு நேர் எதிர். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பதுதான் நல்லது. சில மருந்துகளை மட்டும் முன்கூட்டியே மாற்றுவார்கள்; மெசலமின் போன்றவற்றைக் கர்ப்பத்திலும் தொடரச் சொல்வார்கள்.

வயிறு அமைதியாக இருப்பதால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வருஷம் கூடக் கூடப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தும் கூடும். எட்டு வருஷம் ஆனவர்களை அவ்வப்போது குழாய்ச் சோதனைக்குக் கூப்பிடுவது அதனால்தான். முட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோபெனாக்கூட நோயைச் சீற வைக்கலாம். பீடி, சிகரெட் கிரோனை மோசமாக்கும். மீனை நிறுத்தச் சொல்லும் எந்த உறவும் பீடியை நிறுத்தச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் நாட்டு வைத்தியத்துக்கு விரோதி இல்லை. அரசு ஆயுர்வேதக் கல்லூரியே நம் கோட்டாறில் இருக்கிறது. படித்த வைத்தியரிடம் போங்கள், எடுக்கும் மாத்திரையை அவரிடம் சொல்லுங்கள், குடல் டாக்டரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். என் சண்டை படிக்காமல் வைத்தியம் பார்க்கும் மச்சான்களோடுதான்.

"மனசுதான் காரணம், கவலைப்படாம இரு" என்பவர்களுக்கு ஒன்று. ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேக்கும் இதே கொலைட்டிஸ் இருந்தது. 2007-இல் அவர் பதவி விலகியதில் இதற்கும் பங்குண்டு. புது மருந்தில் அடங்கி, 2012-இல் திரும்பி வந்து ஏழரை வருஷத்துக்கு மேல் ஆண்டார். 2020-இல் மறுபடி சீறியது, மறுபடி விலகினார். பிரதமருக்கே அப்படி. உங்கள் தம்பி லீவு போட்டால் சோம்பேறி என்கிறீர்கள்.

உதவ ஆசையா? ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட வாருங்கள், வரிசையில் நில்லுங்கள். பிறகு கக்கூஸ். சீறும் காலத்தில் அவசரம் என்றால் இரண்டு நிமிஷம் தாங்காது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், கிரோன் உள்ள ஒரு சிறுமிக்குக் கடைக்காரர்கள் கழிப்பறையை மறுத்ததால் 2005-இல் சட்டமே வந்தது. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகையிலும் இந்த நோய் இல்லை. சட்டம் வரும்போது வரட்டும், கோட்டாறு கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, பின்கட்டுச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது?

இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால், கை தூக்கிக் கேட்காமலே எழுந்து போகலாம் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள். மற்ற பிள்ளைகள் ஏமாற்றுவார்களே என்பீர்கள். ஏமாற்றட்டும். 34 வருஷத்தில் கக்கூஸுக்குப் போனதால் பெயிலான எவனையும் நான் பார்த்ததில்லை.

கமெண்டில் கசாயம் எழுதுபவர்கள் எழுதலாம், அழித்துவிடுவேன். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் மச்சான் மட்டும், மண்டபத்தில் கழிப்பறை எந்தப் பக்கம், சாவி யாரிடம் என்று எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பவும்.