தோத்தாலும் பார்ப்போம்... ஆனா, எப்படிப் போறது? - காலியாகும் நேரு ஸ்டேடியமும் மண்ணூர் ரசிகரின் கணக்கும்!

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணூரில் சாயங்காலம் என்றால் கம்பெனி பஸ்களின் நேரம். ஒரு ஷிஃப்ட்டை இறக்கிவிட்டு, அடுத்த ஷிஃப்ட்டை ஏற்றிக்கொண்டு அவை கிளம்பும். இறங்குகிறவர்களில் கடலூர்க்காரர் இருப்பார், ராமநாதபுரத்துக்காரர் இருப்பார். அசாம், ஒடிசா, கேரளா என்று வெளிமாநிலத்துக்காரர்களும் இருப்பார்கள். நாலு பேருக்கு ஒரு ரூம். ரூமில் டிவி இருக்கிறதோ இல்லையோ, ஆளுக்கொரு போன் உண்டு. ஃபுட்பால் மேட்ச் இருக்கும் இரவுகளில் அந்தப் போன்தான் இவர்களுக்கு ஸ்டேடியம்.

நிஜ ஸ்டேடியம் சென்னை பெரியமேட்டில் இருக்கிறது. சென்னையின் எஃப்.சி-யின் சொந்த மைதானமான ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். சுமார் 40,000 பேர் உட்காரலாம். அங்கே சமீப சீசன்களில் மேட்ச் பார்க்கப் போனவர்களுக்கு ஒரு காட்சி பழகிப் போயிருக்கும். 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' ரசிகர் குழுக்கள் நிற்கிற பக்கம் டிரம் சத்தம் ஓயாது. அந்தப் பக்கத்திலிருந்து கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால், வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்.

"டீம் தோக்குது... அதான் கூட்டம் இல்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், பாதி உண்மைதான்.

வெள்ளத்திலும் வந்த கோப்பை

சென்னையின் எஃப்.சி பிறந்தது 2014-ல். அபிஷேக் பச்சன், தோனி என உரிமையாளர்களே நட்சத்திரங்கள். இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த மார்கோ மாட்டராஸி பயிற்சியாளர்.

2015 டிசம்பரை இந்தப் பகுதிக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு, சென்னையே தண்ணீரில் தத்தளித்த மாதம் அது. சென்னையில் நடக்க வேண்டிய செமி ஃபைனலை புனேவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. சொந்த ஊர், சொந்த ரசிகர்கள் இல்லாமலே கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தியது சென்னை. டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் நடந்த ஃபைனலில் 3-2 என்று ஜெயித்து முதல் கோப்பையைத் தூக்கியது. ஈரம் காயாத வீடுகளுக்கு வந்து சேர்ந்த நல்ல செய்தி அது.

2018 மார்ச்சில் இன்னொரு கோப்பை. அந்த சீசனின் செமி ஃபைனல் நேரு ஸ்டேடியத்திலேயே நடந்தது. கோவாவுக்கு எதிராக 3-0 வெற்றி. மூன்று கோல்களில் ஒன்றை அடித்தவர், வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தன்பால் கணேஷ். நம்ம ஏரியா பையன், நம்ம கிரவுண்டில், நம்ம டீமுக்கு அடித்த கோல்!

அடுத்த சீசனே அணி தலைகுப்புற விழுந்தது. 18 மேட்ச்சில் 2 வெற்றி, 9 புள்ளிகள், பட்டியலில் கடைசி இடம். சாம்பியனாக சீசனைத் தொடங்கிய அணிக்கு இந்த கதி.

இரண்டு வருடம் விட்டுப்போன பழக்கம்

2019-20 சீசனில் பயிற்சியாளர் ஓவன் கோயல் பாதியில் வந்து, தடுமாறிக்கொண்டிருந்த அணியை ஃபைனல் வரை இழுத்துப் போனார். ஆனால், 2020 மார்ச் 14-ம் தேதி நடந்த அந்த ஃபைனலை மைதானத்தில் பார்க்க ஒரு ரசிகருக்கும் அனுமதி இல்லை. கொரோனா! அதற்கடுத்த இரண்டு சீசன்களும் மொத்தமாகக் கோவாவிலேயே நடந்தன. நேரு ஸ்டேடியத்தில் ஒரு ஐ.எஸ்.எல் மேட்ச்கூட இல்லை. அந்த இரண்டு சீசன்களிலும் சென்னைக்கு 8-வது இடம்.

ஸ்டேடியத்துக்குப் போவது ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் ஜெர்ஸியை மாட்டிக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து கிளம்பும் பழக்கம். அது இரண்டு வருடம் அறுந்துபோனது. 2022-ல் மைதானம் திறந்தபோது, அந்த நாலு பேரில் ஒருவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், இன்னொருவர் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார். மீதி இருவரும் போனில் மேட்ச் பார்க்கப் பழகியிருப்பார்கள்.

2023-24-ல் ஆறாவது இடம், பிளே ஆஃப் என்று ஒரு நம்பிக்கை துளிர்த்தது. 2024-25-ல் மறுபடியும் சறுக்கல். 13 அணிகளில் 11-வது இடம்.

மண்ணூர் டு பெரியமேடு

இப்போது மண்ணூர் ரசிகரின் கணக்கைப் பார்ப்போம். ஸ்டேடியம் சுமார் 40 கிலோமீட்டர் தூரம். மேட்ச் பெரும்பாலும் இரவு 7.30 மணிக்கு. ஷேர் ஆட்டோ பிடித்து பெங்களூரு ஹைவேஸுக்கு வர வேண்டும். அங்கிருந்து பூந்தமல்லி, கோயம்பேடு. பிறகு மெட்ரோவில் சென்ட்ரல். அங்கிருந்து நடை. ஆபீஸ் விடும் நேரத்து டிராஃபிக்கில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்.

மேட்ச் முடிய 9.30 ஆகிவிடும். திரும்பும்போது பூந்தமல்லி வரை எப்படியோ வந்துவிடலாம். அதற்கப்புறம்? ஷேர் ஆட்டோ கிடையாது. நள்ளிரவில் ஆட்டோ கேட்கும் காசு, மேட்ச் டிக்கெட்டைவிட அதிகமாக இருந்தாலும் ஆச்சர்யமில்லை. காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் 5 மணிக்கே கம்பெனி பஸ் வந்து நிற்கும். தூங்கக் கிடைப்பது நாலு மணி நேரம். மெஷின் முன்னால் நின்று வேலை பார்ப்பவருக்கு அந்தத் தூக்கம் சின்ன விஷயம் இல்லை. லீவு போட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

அணி ஜெயித்துக்கொண்டிருந்தபோதும் இதே தூரம்தான், இதே ஷிஃப்ட்தான். ஆனால், கோல் கொண்டாட்டத்தோடு திரும்புகிறவருக்கு இந்தக் கணக்கு கண்ணில் படாது. தோற்றுத் திரும்பும் இரவில்தான் ஒவ்வொரு ரூபாயும் ஒவ்வொரு மணி நேரமும் உறுத்தும். இரண்டு தடவை உறுத்தினால், மூன்றாவது தடவை "போன்லயே பார்த்துக்கலாம் மச்சான்" என்று முடிவாகிவிடும்.

தோல்வி மட்டுமே காரணமில்லை என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று முறை ஃபைனலில் தோற்ற அணி. 2024-25 சீசன் வரை ஒரு ஐ.எஸ்.எல் கோப்பைகூட வாங்கவில்லை. ஆனாலும், அந்த அணி சென்னைக்கு வரும் நாளில் நேரு ஸ்டேடியத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகிவிடும். 'மஞ்சப்பட' ரசிகர்கள் கூட்டமாகத் திட்டமிட்டு, கூட்டமாக வருகிறார்கள். திரும்பும் வழியைப் பற்றித் தனி ஆளாக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

சனிக்கிழமை மதியம் 2 மணி

ஃபுட்பாலுக்கும் ஃபேக்டரிக்கும் பழைய உறவு உண்டு. 1850-ல் இங்கிலாந்தில் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த பெண்களையும் இளம் தொழிலாளர்களையும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு வீட்டுக்கு அனுப்பச் சொன்னது. அந்த அரை நாள் லீவு மெள்ள மற்ற தொழில்களுக்கும் பரவியது. சனிக்கிழமை மதியம் 3 மணி மேட்ச் என்ற வழக்கம் வேரூன்றியது அப்படித்தான். ஆர்சனல், ஆயுதத் தொழிற்சாலை ஊழியர்கள் 1886-ல் தொடங்கிய அணி. வெஸ்ட் ஹாம், கப்பல் கட்டும் தொழிலாளர்களின் அணியிலிருந்து வந்தது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்-புக்கும் ஃபுட்பால் டீம் உண்டு.

சண்டர்லாந்து கதை இன்னும் சுவாரஸ்யம். அதன் மைதானம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் தரமிறக்கப்பட்டு, 2018-ல் மூன்றாவது டிவிஷனுக்கு விழுந்தது அந்த அணி. அந்த வருடம் டிசம்பர் 26-ம் தேதி நடந்த மேட்ச்சுக்கு வந்தவர்கள் 46,039 பேர்! அது விடுமுறை நாள். ஊருக்குள்ளேயே மைதானம். வருவது எளிது, வீடு திரும்புவதும் எளிது.

என்ன செய்யலாம்?

கோப்பை ஜெயிப்பது யார் கையிலும் இல்லை. ரசிகரை வீட்டுக்குப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது கையில் இருக்கிறது. சேப்பாக்கத்தில் ஐ.பி.எல் நடக்கும் இரவுகளில் மெட்ரோ கூடுதல் நேரம் ஓடுகிறது. மேட்ச் டிக்கெட்டையே மெட்ரோ டிக்கெட்டாகக் காட்டிப் பயணிக்கும் ஏற்பாடும் நடந்திருக்கிறது. கிரிக்கெட்டுக்கு முடிவது ஃபுட்பாலுக்கும் முடிய வேண்டும். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மேட்ச் முடிந்ததும் கிளம்பும் இரண்டு பஸ் விடலாம். ஞாயிற்றுக்கிழமை 5 மணிக்கு மேட்ச் வைத்தால், மண்ணூர்க்காரர் 10 மணிக்குள் ரூமுக்கு வந்துவிடுவார்.

இன்னொன்று, உள்ளூர்ப் பையன்கள். 2023 ஆகஸ்ட்டில் நடந்த டுராண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்தவர் சென்னைக்காரர் நந்தகுமார் சேகர். கொல்கத்தாவே அவரைக் கொண்டாடியது. அப்படிப்பட்ட பையன்கள் நீல ஜெர்ஸியில் இறங்கினால், அவர்களின் தெருவே ஸ்டேடியத்துக்கு வரும்.

இதெல்லாம் அவசரமான வேலையும்கூட. ஐ.எஸ்.எல்-லின் ஒப்பந்தச் சிக்கலால் சீசன் நடக்குமா என்றே தெரியாத நிலையில், 2025 ஆகஸ்ட்டில் சென்னையின் எஃப்.சி தன் செயல்பாடுகளையே நிறுத்தி வைத்தது. டீமே இருக்குமா என்று ரசிகர்கள் பதறிய நாள்கள் அவை. அப்படிப் பதறியவர்களில், கடைசியாக எப்போது ஸ்டேடியத்துக்குப் போனோம் என்று நினைவில்லாதவர்களும் இருந்திருப்பார்கள். போவதை நிறுத்தியவர்கள் எல்லோரும் டீமை மறந்தவர்கள் இல்லை.

மண்ணூர் ரூமில், ஆணியில் மாட்டிய யூனிஃபார்முக்குப் பக்கத்தில் ஒரு நீல ஜெர்ஸி இன்னும் தொங்கக்கூடும். அதை மாட்டிக்கொண்டு கிளம்ப அவர் தயார். ராத்திரி திரும்பி வர ஒரு பஸ் இருந்தால் போதும்!