யாருடைய எல்லை, யாருடைய வாய்

போன மாசியில் ஒரு ராத்திரி. தலையில் கட்டுப் போட்ட ஒரு பையனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததுக்கு அடி. சாதிப் பேரைச் சொல்லிச் சொல்லி அடி. ரைட்டர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கு. அது எங்க லிமிட் இல்லம்மா, அங்க போங்க." அங்கே போனோம். "ரோட்டு மேல நடந்திருக்கு, ரோடு அவங்களுது"ன்னாங்க. வெளியே வந்ததும் அந்தம்மா கேட்டார்: "ஏந்தம்பி, எந்தப் பக்கம்னு பாத்தா அடிச்சான்?"

பதில் சொல்ல முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லிமிட், அதிகார வரம்பு, ஆள்வரை என்று நாம் சொல்வதற்கு இங்கிலீஷில் ஜூரிஸ்டிக்ஷன். அதன் லத்தீன் வேரைப் பிரித்தால் இரண்டே பொருள்: சட்டம், சொல்லுதல். சட்டத்தைச் சொல்லுதல். கவனியுங்கள், இதில் நிலம் இல்லை, எல்லைக்கல் இல்லை. சொல்கிற வாய் மட்டும் இருக்கிறது. பழைய ரோமில் பிரேட்டர் என்கிற அதிகாரிக்கு அந்த வாய் இருந்தது. கி.மு. 242 வாக்கில் அந்நியர் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கென்று இன்னொரு பிரேட்டரை வைத்தார்கள். ஊர் ஒன்றுதான், தெரு ஒன்றுதான். நீ யார் என்பதைப் பொறுத்து உனக்குச் சட்டம் சொல்கிறவன் மாறுகிறான்.

அது ரோம், நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். சென்னை மாகாணத்துக்கு வருவோம். 1816ஆம் வருஷத்து 11ஆம் ரெகுலேஷன், கிராமத் தலைவனுக்குப் போலீஸ் அதிகாரம் கொடுத்த சட்டம். வசவு, சின்ன அடிதடி போன்றவற்றை அவனே விசாரிக்கலாம். குற்றவாளியை 12 மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். ஆனால் குற்றவாளி 'கீழ்ச்சாதி'யாக இருந்து, அவனுக்கு அப்படி இழிவான தண்டனை கொடுப்பது தகாதது இல்லை என்று பட்டால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் காலை மாட்டி உட்கார வைக்கலாம். வெள்ளைக்காரன் சட்டம் வந்து எல்லாரையும் சமமாக்கிவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதை ஒருதரம் படிக்கட்டும். கம்பெனி தன் வாயை ஊர்ப் பெரியதனக்காரனிடம் இரவல் கொடுத்தது. ஒரே குற்றத்துக்கு ஒருத்தன் சாவடியில், ஒருத்தன் மரத்தில். வரம்பு என்பது இங்கே உடம்பின் மேல் போட்ட கோடு.

பம்பாயில் வேறு மாதிரி செய்தார்கள். 1827ஆம் வருஷத்து 2ஆம் ரெகுலேஷன், சாதிப் பிரச்சினைகளில் சிவில் கோர்ட்டு தலையிடக் கூடாது என்று எழுதி வைத்தது. சென்னையில் சாதிக்குக் கம்பு கொடுத்தான், பம்பாயில் சாதியை அதன் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினான். 'எங்க லிமிட் இல்ல' என்கிற வாசகம் எத்தனை பழசு பாருங்கள்!

ஒரு வேடிக்கை. கிராம எல்லைத் தகராறுகளில் பறையர் நடந்து காட்டிய எல்லையை ஊர் ஏற்றுக்கொண்டதைத் தர்ஸ்டன் 1909இல் பதிப்பித்த நூலிலேயே பார்க்கலாம். எல்லை தெரிந்தவர் நாம். எல்லைக்குள் சொல்கிற வாய் மட்டும் நமக்கில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை, அலைவது நம் வேலை அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. படிக்கிற பிள்ளைகள் இந்த எண்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் புத்தகம் புரட்ட முடியாது.

அதற்காக எல்லையைத் தள்ளி வைப்பதெல்லாம் நமக்கு நல்லது என்றும் சொல்ல மாட்டேன். 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கு சேலத்தில் நடந்தது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. உள்ளூரில் நடந்திருந்தால் சாட்சிகள் நிமிர்ந்து பேசியிருக்க முடியுமா? சந்தேகம்தான். ஆனால் கூலிவேலைக்காரர்கள் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. சாட்சிக்குப் பயணப்படி உண்டென்று 1995ஆம் வருஷத்து விதிகளில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கவும் ஓர் ஆள் வேண்டும். இயக்கம் அங்கேதான் நிற்க வேண்டும், கண்டனச் சுவரொட்டியோடு நின்றுவிட்டால் போதாது.

பையனின் வழக்கு மூன்றாம் நாள் பதிவானது. இரண்டாவது நிலையத்திலேதான். நகலை அந்தம்மா என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். சம்பவ இடம் நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று ஒரு கட்டம்: தெற்கு, 6 கி.மீ. அதன் கீழே, சம்பவ இடம் இந்த நிலைய எல்லைக்கு வெளியே என்றால் நிரப்ப வேண்டிய கட்டம். அதில் ஒன்றும் எழுதவில்லை.