விலைப்பட்டியலின் கடைசிப் பக்கம்

‘வேண்டியவர் வாங்கட்டும், வேண்டாதவர் விடட்டும்’ என்று சொகுசு கார்களின் கூடுதல் வசதிக் கட்டணங்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். அப்படியானால் விளம்பர விலை யாருக்கு?

2013-இல் மெர்சிடிஸ் சிஎல்ஏ அமெரிக்காவில் 29,900 டாலருக்கு அறிமுகமானது. கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம் 925 டாலரைக் கூட்டியதுமே 30 ஆயிரம் தாண்டிவிட்டது! சன்ரூஃப், நேவிகேஷன் எல்லாம் தனிக்கணக்கு.

பிஎம்டபிள்யூ இன்னும் ஒருபடி மேல். இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு 2022-இல் பிரிட்டனில் மாதம் 15 பவுண்டு சந்தா. கம்பி ஏற்கெனவே இருக்கைக்குள்தான் இருந்தது; பூட்டு மட்டும் மென்பொருளில். வேண்டாம் என்றவரும் அதைச் சுமந்துதானே ஓட்டினார்? மறு ஆண்டே அந்நிறுவனம் பின்வாங்கியது. இரட்டைக் கட்டணம் என்பது உண்மையல்ல, மக்கள் அப்படி உணர்கிறார்கள் என்றார் அதன் விற்பனைத் தலைவர் பீட்டர் நோட்டா. உணரமாட்டார்களா பின்னே?