லெதர் பந்தா, சிந்தெட்டிக் பந்தா? சிமென்ட் தரையில் கூடைப்பந்து ஆடுபவர்கள் எதை வாங்கலாம்?

முதலமைச்சர் கோப்பை போட்டிகள் நெருங்கும்போது விளையாட்டுப் பொருள் கடைகளில் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "அண்ணா, லெதர் பாஸ்கெட்பால் இருக்கா?" கையில் இருக்கும் பணம் நாலைந்து பேர் சேர்ந்து போட்டது. அதை எப்படியாவது 'நல்ல பந்துக்கு' செலவு செய்துவிட வேண்டும் என்பது ஆசை. நல்ல பந்து என்றால் லெதர் என்பதுதான் பலரின் கணக்கு.

இந்தக் கணக்கு அமெரிக்காவின் என்பிஏ அரங்குகளில் சரியாக வரும். அரியலூர், பெரம்பலூர் பக்கம் வராது. காரணம் ரொம்ப எளிது: தரை.

ராம்கோ சிமென்ட் ஆலை இருக்கும் ஆலத்தியூர் தொடங்கி ரெட்டிபாளையம் வரை, நாட்டுக்கே சிமென்ட் அனுப்பும் பகுதி இது. இங்கே மட்டுமில்லை, தமிழ்நாட்டின் பெரும்பாலான பள்ளி, கல்லூரி கோர்ட்டுகளும் கூரை இல்லாத சிமென்ட் தரைகள்தான். பந்து வாங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது அந்தத் தரையைத்தான்.

கடையில் 'லெதர்' என்று தருவது எல்லாம் லெதரா?

பெரும்பாலும் இல்லை. கடையில் கிடைக்கும் கூடைப்பந்துகளை மூன்றாகப் பிரிக்கலாம்: ரப்பர், சிந்தெட்டிக், அசல் தோல். இதில் சிந்தெட்டிக் பந்துக்குத்தான் பெயர்கள் அதிகம். 'காம்போசிட் லெதர்', 'பியு லெதர்', 'மைக்ரோஃபைபர்', 'சிந்தெட்டிக் லெதர்' என்று பெட்டியில் போட்டிருக்கும். எல்லாவற்றிலும் லெதர் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் வாங்குபவர் தோல் பந்து வாங்கிய நிறைவோடு வீட்டுக்குப் போகிறார். உண்மையில் அதில் மாட்டுத் தோல் துளிகூட இருக்காது. அசல் தோல் என்றால் 'ஜெனுயின் லெதர்' அல்லது 'ஃபுல் கிரெய்ன் லெதர்' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். விலையும் காட்டிக்கொடுத்துவிடும். ரப்பர் பந்து சில நூறு ரூபாயில் கிடைக்கும், சிந்தெட்டிக் ஆயிரங்களில் இருக்கும். சர்வதேசப் போட்டி தரத்திலான தோல் பந்தின் விலை அதற்கும் பல படி மேலே.

உள்ளே எல்லாப் பந்தும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர் பிளாடர், அதன் மேல் சுற்றிய நைலான் நூல், அதற்கு மேல் ஒரு ரப்பர் ஓடு. கடைசியாக வெளியே ஒட்டப்படும் மேலுறைதான் விலையைத் தீர்மானிக்கிறது. சண்டையெல்லாம் அந்த மெல்லிய மேலுறை பற்றியதுதான்.

என்பிஏவே மாற்றிப் பார்த்து பின்வாங்கிய கதை

சிந்தெட்டிக் பற்றிப் பேச்சு வந்தால் 2006-ம் ஆண்டை விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்த ஆண்டு ஜூன் மாதம் என்பிஏ, அடுத்த சீசனில் இருந்து தோல் பந்துக்கு விடை கொடுத்துவிட்டு, ஸ்பால்டிங் நிறுவனம் தயாரித்த மைக்ரோஃபைபர் பந்தைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. ஒவ்வொரு பந்தும் ஒரே மாதிரி இருக்கும், புதிதாகப் பிரித்த உடனேயே பிடிப்பு கிடைக்கும் என்பதெல்லாம் சொல்லப்பட்ட காரணங்கள்.

வீரர்கள் ஏற்கவில்லை. பொம்மைக் கடையில் கிடைக்கும் மலிவுப் பந்து மாதிரி இருக்கிறது என்றார் ஷாகில் ஓ'நீல். ஸ்டீவ் நாஷ் உள்ளிட்ட சிலருக்கு விரல் நுனிகளில் கீறல் விழுந்தது. வீரர்கள் சங்கம் புகாரே கொடுத்தது. டல்லாஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் ஒரு படி மேலே போய், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாக இயற்பியல் துறையிடம் பணம் கொடுத்து பந்தைச் சோதிக்கச் சொன்னார். கௌசிக் டே என்ற பேராசிரியரும் அந்தக் குழுவில் இருந்தார். 4 அடி உயரத்தில் இருந்து போட்டால் புதிய பந்து தோல் பந்தைவிட 5 முதல் 8 சதவீதம் வரை குறைவாக எழும்பியது. நேராக எழும்பாமல் பக்கவாட்டில் விலகுவதும் சுமார் 30 சதவீதம் அதிகம்.

அதைவிட முக்கியமானது ஈரம் பற்றிய முடிவு. காய்ந்திருக்கும்போது சிந்தெட்டிக் பந்துக்கு உராய்வு அதிகம். விரலைக் கீறியது அதனால்தான். ஆனால் வியர்வை பட்டதும் கதை தலைகீழ். தோல் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிடி கெடாது. சிந்தெட்டிக்கில் வியர்வை மேலேயே நிற்கும், பந்து வழுக்கும். கடைசியில் 2007 ஜனவரி 1 முதல் பழைய தோல் பந்தே திரும்பி வந்தது. 2021-ல் ஸ்பால்டிங் போய் வில்சன் வந்த பிறகும் என்பிஏ பந்து தோல்தான். அந்தத் தோல் சிகாகோவில் இருக்கும் ஹார்வீன் என்ற பழைய தோல் ஆலையில் பதப்படுத்தப்படுகிறது.

இந்தக் கதையைப் படித்துவிட்டு 'அப்போ லெதர்தான் பெஸ்ட்' என்று முடிவு கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த வீரர்கள் ஆடியது குளிரூட்டப்பட்ட அரங்கில், மெருகேற்றிய மரத் தரையில். அதுவும் பல மணி நேரம் கையாண்டு பழக்கிய பந்தில். புதிய தோல் பந்து பெட்டியில் இருந்து எடுத்த அன்று வழவழவென்றுதான் இருக்கும். உள்ளரங்கில் வாரக்கணக்கில் ஆடிய பிறகே கைக்கு ஒட்டும்.

அதே தோல் பந்தை ஆலத்தியூர் மாதிரி ஓர் ஊரின் சிமென்ட் கோர்ட்டில் தட்டினால் என்ன ஆகும்? சிமென்ட் தரை உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். பந்தின் மேல் புள்ளிப் புள்ளியாக எழும்பியிருக்கிறதே, அந்தச் சொரசொரப்புதான் முதலில் தேயும். பிறகு ஓரங்களில் தோல் பிரியும். மழை நின்ற மறுநாள் ஈரத் தரையில் ஆடினால் இன்னும் மோசம், தண்ணீரைக் குடித்து பந்து கனத்துவிடும். காய்ந்ததும் விறைக்கும். போதாததற்கு சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத் தூசு வேறு. தோல் பந்தைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் முடியாது. உலர்ந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய பந்து இப்படிப் போவதைப் பார்ப்பதற்கு அதை வாங்காமலே இருந்துவிடலாம்.

சிந்தெட்டிக் வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா?

இங்கேதான் நிறையப் பேர் இரண்டாவது தடவை ஏமாறுகிறார்கள். சிந்தெட்டிக் எல்லாமே வெளியில் ஆடுவதற்கு ஏற்றது என்று நினைப்பது தவறு. அமெரிக்கப் பள்ளிகளில் மிகப் பிரபலமான வில்சன் எவல்யூஷன் பந்து மைக்ரோஃபைபர்தான். ஆனால் அது உள்ளரங்குக்கு மட்டுமே ஆனது. பஞ்சு மாதிரி மென்மையாகக் கையில் உட்காரும். அந்த மென்மையே சிமென்ட் தரையில் அதற்கு எமன். விலை கூடக்கூட மேலுறை மென்மையாகும், மென்மையானது சீக்கிரம் தேயும். சிமென்ட்டில் ஆடுபவருக்கு விலை உயர்ந்த பந்து நீடிக்கும் பந்து ஆகாது.

ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டிய சொல் 'லெதர்' இல்லை. 'இண்டோர்' என்று மட்டும் போட்டிருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். 'இண்டோர்/அவுட்டோர்' அல்லது 'அவுட்டோர்' என்று போட்டிருக்கும் காம்போசிட் பந்தின் மேலுறை சற்றுக் கெட்டியாக இருக்கும். கையில் கொஞ்சம் முரடாகத் தெரியும், ஆனால் நாள் தாங்கும். ஈரத் துணியில் லேசாக சோப்பு தொட்டுத் துடைத்தால் தூசு போய் பழைய பிடிப்பு ஓரளவு திரும்பும்.

விதிப்படி பார்த்தாலும் தோல் கட்டாயமில்லை. உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா, தனது உயர்மட்டப் போட்டிகளுக்கே தோல், செயற்கைத் தோல் இரண்டையும் அனுமதிக்கிறது. கீழ்நிலைப் போட்டிகளுக்கு ரப்பர் பந்தும் செல்லும். மோல்டன் நிறுவனத்தின் பிஜி5000 தோல் பந்து, உலகக் கோப்பையில் ஆடப்படுவது. அதன் தம்பியான பிஜி4500 சிந்தெட்டிக். அதே 12 துண்டுகள், அதே இரு நிறம், அதற்கும் ஃபீபா அங்கீகாரம் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்த்துச் சொல்வது கடினம்.

ரப்பர் பந்தைக் கேலி செய்ய வேண்டாம்

தினமும் மாலை பத்து பதினைந்து பேர் மாறி மாறி ஆடும் கோர்ட்டுக்கு, நேர்மையாகச் சொன்னால், ரப்பர் பந்துதான் முதல் தேர்வு. மழை, வெயில், தூசு எதற்கும் அசராது. கழுவிக் காயவைக்கலாம். தேய்ந்தாலும் மனசு வலிக்காத விலை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான கூடைப்பந்து மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவு வரை போகிறது. மேலே போகப் போக காம்போசிட் பந்தும், சில இடங்களில் உள்ளரங்கமும் வரும். ஆண்டு முழுக்க கடினமான ரப்பர் பந்தில் ஆடிய கை, அன்றைக்கு திடீரென ஒரு மென்மையான பந்தைப் பிடிக்கிறது. ரப்பர் பந்து வேகமாக எகிறும். இது அவ்வளவு எகிறாது. பழக்கப்பட்ட உயரத்தில் டிரிபிள் செய்யப் போனால் பந்து முழங்காலோடு நின்றுவிடும். ஃப்ரீ த்ரோவில் விரலை விட்டுப் போகும் நொடி மாறும். நகரத்து அணிக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவர்கள் அந்தப் பந்திலேயே பழகி வருகிறார்கள். திறமையில் இருக்கும் இடைவெளி பாதி, பந்தில் இருக்கும் இடைவெளி மீதி.

இதற்கு லெதர் வாங்குவது தீர்வே இல்லை. கையில் இருக்கும் பணத்தை இரண்டாகப் பிரிப்பது நல்லது. தினசரி ஓட்டத்துக்கும் டிரிபிள் பயிற்சிக்கும் இரண்டு ரப்பர் பந்து. ஒரே ஒரு நல்ல காம்போசிட் பந்தை பி.டி. சார் அறையில் பூட்டி வைத்து, போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்து ஷூட்டிங் பயிற்சிக்கு மட்டும் எடுத்தால், தரையில் உரசுவது குறையும், கையும் பழகும்.

அளவு இன்னொரு விஷயம். ஆண்களுக்கு 7-ம் எண், பெண்களுக்கு 6-ம் எண், சின்னப் பிள்ளைகளுக்கு 5. 7-ம் எண் பந்து சுமார் 600 கிராம். 6-ம் எண் பந்து அதைவிடச் சிறியது, எடையும் குறைவு. இருக்கும் ஒரே 7-ம் எண் பந்தில் பெண் பிள்ளைகளையும் ஆட விட்டுவிட்டு, போட்டி அன்று 6-ம் எண்ணைக் கொடுத்தால் அவர்கள் போடும் பந்தெல்லாம் போர்டுக்கு மேலே போகும். மேலுறை என்ன என்பதைவிட இந்த வித்தியாசம் பெரிது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், காம்போசிட்டை விட்டுவிட்டு 6-ம் எண் ரப்பர் பந்தை வாங்குவதே நியாயம்.

தோல் என்றதும் நம்ம ஊர் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே பதப்படுத்தும் தோல் பெரும்பாலும் காலணிக்கும் தோல் பொருட்களுக்கும் போகிறது. அந்தத் தொழிலுக்குப் பாலாறு கொடுத்த விலை என்ன என்பது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விவகாரம். மாட்டுத் தோல் வேண்டாம் என்ற எண்ணத்திலேயே சிந்தெட்டிக் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் சிந்தெட்டிக் என்பது பிளாஸ்டிக், தேய்ந்த பிறகு மக்காது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பந்தைக் கொல்வது தரையா, காத்தா?

எந்தப் பந்து வாங்கினாலும் ஊர்ப்பக்கம் அதற்கு வரும் முதல் ஆபத்து பஞ்சர் கடை கம்ப்ரசர். கூடைப்பந்துக்குத் தேவையான காற்று பொதுவாக 7 முதல் 9 பிஎஸ்ஐ. பந்தின் மேல், வால்வு பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். பைக் டயருக்கு அடிப்பது 25-க்கும் மேல். கம்ப்ரசரில் ஒரு நொடி அதிகமாக விட்டால் பந்து உப்பிவிடும், உள்ளே நூல் சுற்று இளகி ஒரு பக்கம் முட்டை மாதிரி புடைத்துவிடும். அப்புறம் அந்தப் பந்து நேராக எகிறவே எகிறாது. சின்னக் கைப்பம்ப் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஊசியை அப்படியே காய்ந்த நிலையில் குத்தாமல் தண்ணீரில் நனைத்துக் குத்த வேண்டும், இல்லையென்றால் வால்வு கிழியும்.

வெயிலும் கணக்கில் வர வேண்டும். காலை 30 டிகிரியில் 8 பிஎஸ்ஐ வைத்த பந்தை மதியம் கோர்ட் ஓரத்தில் போட்டு அது 50 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 9.5 ஆகிவிடும். கோடையில் 7-ஐ ஒட்டி வைத்து, ஆடி முடித்ததும் நிழலில் போடுவது நல்லது.

கேஜ் இல்லாதவர்களுக்கு ஓர் எளிய சோதனை. பந்தின் அடிப்பகுதி 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி, அதாவது உயரமான ஓர் ஆளின் தலை மட்டத்துக்குப் பிடித்து, தள்ளாமல் சும்மா கையை விடுங்கள். எகிறி வரும்போது பந்தின் மேல்பகுதி 1.2 மீட்டரில் இருந்து 1.4 மீட்டருக்குள் வர வேண்டும். ஃபீபா விதிப்புத்தகத்தில் நீண்ட காலம் இருந்த அளவு இது. சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு போட்டு வைத்தால் போதும். கடையில் வாங்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஒரே இடத்தில் நான்கைந்து தடவை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம் ஓடும் பந்தை, பெட்டியில் என்ன பெயர் போட்டிருந்தாலும், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.