நம்மவர் பாட்டையும் காது கொடுத்துக் கேட்போம்

இந்தப் பத்தியில் வழக்கமாக மயானப் பாதை, பஞ்சமி நிலம், விடுதி மாணவர்களின் சாப்பாடு என்று எழுதி வருகிறோம். இந்த வாரம் பாட்டு. இதற்கெல்லாம் இங்கே இடமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: நம் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துச் சேரிகளில் இளைஞர்களிடம் அம்பேத்கரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில், தெருமுனையில் மைக் பிடித்த நமக்கு எவ்வளவு பங்கோ, அதற்குக் குறையாத பங்கு கடந்த ஏழெட்டு வருடப் பாட்டுகளுக்கும் உண்டு. அப்படியானால் அந்தப் பாட்டுகள் நன்றாக இருக்கின்றனவா, சொத்தையா என்று பேசுவதும் நம் வேலைதான்.

அங்கேதான் நாம் தடுமாறுகிறோம். நம்மவர் ஒருவர் பாட்டு வெளியிட்டால் உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து ஜெய்பீம் போடுகிறோம். பிடிக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொள்கிறோம். வெளியாள் யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போகிறோம். டீக்கடையில் உட்கார்ந்து இளையராஜாவின் ஒரு பாட்டில் இரண்டாவது இடையிசை ஏன் சுமார் என்று மணிக்கணக்கில் வாதாடத் தெரிந்த நமக்கு, அறிவு பாடிய பாட்டைப் பற்றி "செம" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வருவதில்லை. நம்மவர் பாட்டு என்றால் தள்ளுபடி மார்க் போட்டுப் பாஸ் பண்ணிவிடுகிறோம். அது மரியாதை அல்ல. இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று நம்மைப் பார்த்துச் சொல்பவன் செய்வதும் இதைத்தானே?

கேஸ்ட்லெஸ் கலெக்டிவிலிருந்தே தொடங்குவோம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் முதல் மேடை. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற எண்ணத்திலிருந்து பெயர். கானாக்காரர்கள், ராப் பாடுபவர்கள், பறையும் சட்டியும் கட்ட மோளமும் அடிப்பவர்கள், பக்கத்திலேயே டிரம்ஸும் கிடாரும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிவிட்டு, பொழுது விடிந்ததும் தெரு ஓரமாக அனுப்பப்பட்ட ஒரு இசை, கோட் போட்டுக்கொண்டு மேடையின் நடுவில் நின்றது. அந்த ஒரு காட்சிக்காகவே அந்தக் குழு வரலாற்றில் நிற்கும். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் மேடையில் கேட்டதும் போனில் கேட்டதும் ஒன்றல்ல. பதிவு செய்யப்பட்ட பாட்டுகளில் பல இடங்களில் கிடாரும் டிரம்ஸும் ஏறி வந்து சட்டியை அமுக்கிவிடுகின்றன. எதைக் கேட்கப் போனோமோ அது பின்னால் எங்கோ சன்னமாகக் கேட்கிறது. ராக் கேட்டுப் பழகிய காதுக்கு ஏற்ற மாதிரி செய்துவிட்டார்களோ என்று நமக்குச் சந்தேகம். இட ஒதுக்கீடு பற்றிய பாட்டு, நியாயம் நூற்றுக்கு நூறு இருந்தாலும், துண்டறிக்கைக்கு மெட்டுப் போட்ட மாதிரிதான் இருக்கிறது. மாட்டுக்கறிப் பாட்டு அப்படியல்ல. அதில் நக்கல் இருக்கிறது, பசி இருக்கிறது, ருசி இருக்கிறது. அதை நம் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்த இருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்று ஆனபோது (பிறகு விழாவே தள்ளிப்போனது), நாம் எழுதிய எந்தக் கண்டன அறிக்கையைவிடவும் அந்தப் பாட்டுதான் அதிகம் ஒலித்திருக்க வேண்டும். நாம் ஒலிக்க விட்டோமா என்பது வேறு கதை.

அந்தக் குழுவில் நம் காதுக்கு முதல் குரல் இசைவாணியுடையது. ஆண்கள் மட்டுமே பாடி வந்த கானாவில் ஒரு பெண். 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. சபரிமலைக்குப் பெண்கள் போவது பற்றி அவர் பாடிய ஐயப்பன் பாட்டுக்கு, பாடிப் பல வருடம் கழித்து, 2024 நவம்பரில் திடீரென்று மிரட்டல்கள் கிளம்பின. அப்போது நாம் எல்லோரும் அவர் பக்கம் நின்றோம், சரி. ஆனால் அந்தச் சண்டை வரும்வரை அவர் பாடிய வேறு பாட்டில் நாம் எத்தனை கேட்டிருந்தோம்? அவர் குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது. ஒப்பாரி வைக்கும் நம் வீட்டுப் பெண்களிடம் மூன்றாவது மணி நேரத்தில் வரும் கரகரப்பு அது. அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. வழக்கைப் பற்றித்தான் எழுதினோம்.

அறிவு அரக்கோணத்துப் பிள்ளை, நம் மாவட்டம். அதனால் கூடுதல் பாசம் இருப்பதை மறைக்கவில்லை. பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், 2019இல் ஆஃப்ரோவுடன் அவர் வெளியிட்ட தெருக்குரல்தான் இதுவரை தமிழில் வந்த சினிமா சாராத தொகுப்புகளில் நமக்கு முதலிடம். காரணம் எளிது. ஆஃப்ரோவின் இசை அடக்கமாக ஒதுங்கி நிற்கிறது, சொல் முன்னால் வருகிறது. பாடுபவர் மூச்சு வாங்கும் இடம்கூடக் கேட்கிறது. கோபத்தை அளந்து செலவழிக்கத் தெரிந்த ஒருவர் எழுதிய பாட்டுகள் அவை. குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களின்போது வந்த சண்ட செய்வோம் பாட்டிலும் அதே அளவு இருந்தது.

சினிமாவுக்குப் போன அறிவு வேறு. சார்பட்டா பரம்பரையில் நீயே ஒளி கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது, உண்மை. மாஸ்டரில் வாத்தி ரெய்டு? கூவக் கூவக் கதாநாயகனைத் தூக்கிப் பிடிக்கும் அந்த வேலைக்கு அறிவு எதற்கு, யார் வேண்டுமானாலும் போதும். பிழைப்புக்குப் பாடுவதில் தவறில்லை. அதையும் நாம் விடுதலைக் கீதம்போல ஸ்டேட்டஸ் வைத்தோமே, அதைத்தான் சொல்கிறோம்.

இனி எஞ்சாய் எஞ்சாமி. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவு பெற்ற மாஜா நிறுவனத்தின் வழியாக வந்தது. கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களின் நிலமில்லாத கதை அது. அறிவின் பாட்டி அந்த வழியில் வந்தவர். அந்தப் பாட்டை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் கருத்து இது: ஒப்பாரிக்கு நெருங்கி வரும் பகுதிகள்தான் பாட்டின் உயிர். மற்றபடி அந்த ஆட்டமான இசையும் வண்ண வண்ணமான படமும் சேர்ந்து துக்கத்தைச் சற்று அதிகமாகவே இனிப்பாக்கிவிட்டன. கல்யாண மண்டபத்தில் அதற்கு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அது நிலம் பறிபோனவர்களின் பாட்டு என்று தெரியும்? ஆனால் இனிப்பு இல்லாவிட்டால் அது அவ்வளவு தூரம் போயிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் எது சரி என்று நமக்குள்ளேயே இன்னும் வாதம் ஓயவில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்கு ஒரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. மெட்டு யாருடையது என்பதில் அறிவு ஒன்று சொன்னார், சந்தோஷ் நாராயணன் வேறு சொன்னார். அறையில் உட்கார்ந்து பார்க்காத நாம் அதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் மேடையில் அறிவின் இடத்தில் நின்றவர் கிடாக்குழி மாரியம்மாள் என்பதை நாமும் பேசவில்லையே! அவரும் எளிய வாழ்க்கையிலிருந்து வந்த நாட்டுப்புறப் பாடகிதான். அறிவுக்காகக் கோபப்பட்ட அவசரத்தில் நம் ஆட்கள் சிலர் அந்த அம்மாவையும் சேர்த்து ஏசினார்கள். அது அசிங்கம்.

2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டிலிருந்து கலைஞர்கள் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சொன்னார். பெரிய பெயர்கள் பின்னால் நின்ற பாட்டுக்கே அந்தக் கதி. அப்படியென்றால் சோளிங்கரிலோ குடியாத்தத்திலோ ஒரு பையன் பாடி, ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து யூடியூப் சேனல்காரர் வாங்கிக்கொள்ளும் கானாவுக்கு என்ன நடக்கும்? சேனல் ஆட்கள் நீட்டும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கையெழுத்து. பாட்டு ஓடினால் சேனலுக்கு, ஓடாவிட்டால் பையனுக்குக் கடன். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பாடல் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்கிறது. ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பில் உறுப்பினராகப் பதிந்து பாட்டையும் பதிவு செய்துகொள்ளலாம். பட்டாவுக்காக வருடக்கணக்கில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் நாம், பாட்டையும் அப்படி ஒரு சொத்தாக நினைக்கவில்லை. கட்சிகளின் கலைப்பிரிவுகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் ஒருவரை உட்கார வைத்து இதைச் சொல்லிக் கொடுத்தால் பத்து மாநாட்டுப் பாட்டுக்குச் சமம்.

சொல்லத் தயங்கும் விஷயமும் ஒன்று உண்டு. ஆண்ட பரம்பரைப் பாட்டுகளும் சினிமா சாராத சுயாதீன இசைதான், அவையும் யூடியூபில்தான் வருகின்றன. திருவிழாவில் அதைப் போட்டு நம் தெரு வழியாக ஊர்வலம் விடுவதால் எத்தனை சண்டை என்று நமக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பதிலாக நம் பையன்கள் போடும் பாட்டுகளைப் பாருங்கள். அதே மெட்டு, அதே பைக் வரிசை, அதே மீசை முறுக்கு, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சாதி ஒழிக்க வந்தவரின் படத்தை வைத்துக்கொண்டு "நாங்களும் சிங்கம்தான்" என்று கத்துவது இசையாகவும் சுமார், அரசியலாகவும் சுமார். ஏமாற்றிவிட்டுப் போன பெண்ணைத் திட்டும் கானாக்கள் இன்னொரு ரகம். வாரம் பத்து வருகின்றன. அவற்றைக் கேட்டு வளரும் பையன் இசைவாணியின் பக்கத்தில் எப்படி நிற்பான்?

2020இல் சென்னையில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை பிறகு மதுரைக்கும் கோவைக்கும் போனது. நம் பக்கம் வந்தால் நல்லது. வந்தால் ராப் பாடுபவர்களுக்கு முன்னால் நம் பக்கத்துப் பம்பைக்காரர்களையும் பறைக் குழுக்களையும் ஏற்ற வேண்டும், நல்ல மைக் வைத்து ஏற்ற வேண்டும். சாவுக்குக் கூப்பிட்டால் என்ன கூலியோ அதையே ரெக்கார்டிங்குக்கும் கொடுக்கும் பழக்கம் நம்மவர் ஸ்டுடியோக்களிலும் இருக்கிறது. பாடியவன் பெயரும் எடிட்டர் பெயரும் பாட்டுக்குக் கீழே வரும், சட்டி அடித்தவர் பெயர் வராது. அடுத்த முறை ஒரு பாட்டைப் பகிரும் முன்னால், அந்தப் பட்டியலை ஒரு தரம் இறக்கிப் பாருங்கள். இல்லையென்றால் கீழேயே எழுதிக் கேளுங்கள், அடித்தவர் யாரென்று.